ஒரு குறையும் இல்லாதவருக்கு மாரடைப்பு ஏன்?

சாவு வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “சர்க்கரை கிடையாது, இரத்தக் கொதிப்பு கிடையாது, பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை, கோவிலுக்கும் கொல்லைக்கும் நடந்தே போய் வந்த மனிதர். அவருக்கா மாரடைப்பு?” என்று உறவினர் ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் நா எழாது. “எல்லாம் காலக் கொடுமை” என்பார் ஒருவர். “விடியற்காலையிலேயே நெஞ்சை அடைக்கிறது என்றார், வாயு என்றுதானே நினைத்தோம்” என்று தாழ்ந்த குரலில் கூறுவார் மற்றொருவர். தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட இந்த வார்த்தையைத்தான் நாம் இம்மாதம் வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்பவர்கள் உழைப்பாளிகள். மல்லாட்டைக் கொல்லையில் குனிந்த இடுப்பு நிமிராமல் களை பறிக்கும் பெண்களையும், மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகளை முதுகில் ஏற்றி அடுக்கும் ஆண்களையும் நாள்தோறும் காண்கிறோம். உழைக்கிற உடம்பை நோய் அண்டாது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ராஜகிரிக் கோட்டையின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். அதில் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் ஒருவரைப் பார்த்து, உமக்கும் இருதய நோய் இருக்கக்கூடும் என்று சொன்னால் அவர் நகைப்பார். அவர் நகைப்பதில் நியாயமும் இருக்கிறது. உழைப்பு இருதயத்துக்கு நல்லதே. ஆனால் நல்லது என்பது வேறு, காப்புறுதி என்பது வேறு.

கன்னடத் திரைப்பட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் மாரடைப்பால் மரணமடைந்தார். வயது 46. உடற்பயிற்சியில் பெரும் ஈடுபாடு கொண்டவர் என்று பெயர் பெற்றவர் அவர். அடுத்த சில நாள்களில் பெங்களூர் ஜெயதேவா இருதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்து குவிந்த மக்களைச் சமாளிக்க முடியாமல் மருத்துவர்கள் திணறிய செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். அவருக்கே வந்ததென்றால் நமக்கு வராதா என்ற அச்சமே அந்தக் கூட்டத்தைக் கூட்டியது. அச்சம் சில வாரங்களில் அடங்கிவிடும். அறிவோ அப்படி அடங்கிப் போகக் கூடாது.

நான்கு காரணங்கள் எப்படி வந்தன?

மாரடைப்புக்கு வழிவகுப்பவை என்று மருத்துவர்கள் முதன்மையாகக் கேட்பவை நான்கு: இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிரால், புகைபிடித்தல். இந்நான்கும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு அவ்வூர் மக்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்து, அவர்களுடைய உடல்நிலையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து குறித்து வந்தார்கள். யாருக்கு இருதய நோய் வருகிறது, வருபவர்களிடம் முன்கூட்டியே காணப்பட்ட மாறுதல் என்ன என்பதே கேள்வி. 1961-இல் டாக்டர் வில்லியம் கன்னலும் அவருடைய தோழர்களும் ‘ஆபத்துக் காரணிகள்’ என்னும் சொல்லோடு தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் கட்டி அழுத்திப் பார்க்கும் பட்டைக்கும், விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்துக்கும் பின்னால் அந்தச் சிற்றூரின் பொறுமை இருக்கிறது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். இந்நான்கும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றுதான் அந்த ஆராய்ச்சி சொன்னது. இல்லாதவர்களுக்கு ஆபத்தே இல்லை என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. மக்கள் மனத்தில் முதல் வாக்கியம் இரண்டாவதாகத் திரிந்துவிட்டது. மருத்துவர் சிலர் மனத்திலுந்தான்.

இத்திரிபின் விலை என்ன என்பதை ஸ்வீடன் நாட்டின் கணக்கு காட்டுகிறது. அந்நாட்டில் மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரின் விவரமும் ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சேர்ந்த இருதய மருத்துவப் பேராசிரியை ஜெம்மா ஃபிக்ட்ரீ, ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து அப்பதிவேட்டின் 2005 முதல் 2018 வரையிலான பக்கங்களைப் புரட்டினார். இருதய இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்டு வரும் கடுமையான மாரடைப்புக்கு முதன்முறையாக ஆளானவர்கள் 62,048 பேர். அவர்களில் 14.9 விழுக்காட்டினருக்கு மேற்சொன்ன நான்கில் ஒன்றுகூட இல்லை. அதாவது, ஏழு பேரில் ஒருவர். சிட்னியிலுள்ள ராயல் நார்த் ஷோர் மருத்துவமனையின் கணக்கில் 2006-இல் 11 விழுக்காடாக இருந்த இத்தகையோர் 2014-இல் 27 விழுக்காடாகியிருந்தனர்.

இதைவிட வியப்பானது அடுத்த எண். ஸ்வீடன் நாட்டுக் கணக்கில், நான்கில் ஒன்றாவது உள்ளவர்களில் முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் 7.9 விழுக்காடு. ஒன்றுமே இல்லாதவர்களில் இறந்தவர்கள் 11.3 விழுக்காடு. ஒன்றும் இல்லாத பெண்களை மட்டும் தனியே பார்த்தால் 17.6 விழுக்காடு. நோயாளிகளாக இருந்தவர்கள் பிழைக்க, ஆரோக்கியசாலிகள் என்று கருதப்பட்டவர்கள் அதிகமாக மாண்டார்கள். 2021-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தபோது மருத்துவ உலகமே ஒரு கணம் திகைத்தது.

ஏன் இப்படி? ஆராய்ந்தவர்கள் ஒரு காரணத்தை அடையாளம் கண்டார்கள். ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்பட வேண்டிய மருந்துகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. கொலஸ்டிரால் சரியாக இருக்கிறதே, அதைக் குறைக்கும் மாத்திரை எதற்கு? இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே, அந்த மாத்திரை எதற்கு? இவ்வாறு எண்ணத் தோன்றுவது இயல்புதான். மருந்துகளில் இருந்த இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தபோது, இறப்பில் இருந்த வேறுபாடும் பெரும்பாலும் மறைந்து போயிற்று. நோய் இல்லை என்ற எண்ணமே நோயைவிடக் கொடியதாக வேலை செய்திருக்கிறது.

‘இல்லை’ என்பதும் ‘பார்த்ததில்லை’ என்பதும்

மேலே செல்லுமுன் நம் ஊர் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடன் நாட்டில் ‘சர்க்கரை இல்லை’ என்றால் பரிசோதித்துப் பார்த்து இல்லை என்று பொருள். நம்மிடையே அச்சொல்லுக்குப் பல வேளைகளில் ‘ஒருநாளும் பார்த்ததில்லை’ என்பதே பொருள். இவை இரண்டும் ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் முதலியோர் நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31.5 கோடி. இவர்களுள் எத்தனையோ பேர் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களே. இரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது. சர்க்கரை, முற்றும் வரை, தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வருபவர்களிடம், “எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை அம்மா, அடுத்த வீட்டுக்குப் போங்கள்” என்று திருப்பி அனுப்புவோரை நாம் அறிவோம். இனியாவது கையை நீட்டுவார்களாக!

ஆகவே நம் பகுதியில் ‘ஒன்றுமில்லாதவர்’ என்று சொல்லப்படுவோரில் ஒரு பகுதியினர் உண்மையில் அறியாதவர். மீதிப் பேர், பரிசோதித்தும் உண்மையிலேயே ஒன்றும் காணப்படாதவர். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றியே இனிப் பேசுவோம்.

குழாயின் உள்ளே நடப்பது

1953-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் கொரியப் போரில் மடிந்த 300 போர்வீரர்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. நோயால் இறந்தவர்கள் அல்லர் அவர்கள். ஓடியும் சுமந்தும் பழகிய வாலிபர்கள். ஆனால் அவர்களில் 77 விழுக்காட்டினரின் இருதய இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவின் அடையாளம் இருந்தது. முதுமையின் நோய் என்று எண்ணியிருந்தது இளமையிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடுகிறது என்பதை உலகம் அன்று கண்டது.

தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்து படிந்து ஒருநாள் அடைத்துக்கொள்வதைப் போல மாரடைப்பு வருவதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. படிவு குழாயின் சுவருக்குள்ளே, ஒரு மெல்லிய தோலின் கீழ், சீழ்க்கட்டி போல் தங்குகிறது. அது குழாயில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அடைத்திருக்கலாம். இரத்தம் தடையின்றி ஓடும். மலை ஏறினாலும் மார்பு வலிக்காது. ஓடும் பட்டையில் நடக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஒருநாள், அந்தத் தோல் கிழிகிறது. உள்ளிருப்பது இரத்தத்தில் பட்டவுடன், காயத்தில் உறைவது போலவே இரத்தம் அங்கும் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் முழுதும் அடைபடுகிறது. நேற்று ராஜகிரி ஏறியவர் இன்று படுக்கையில் கிடப்பதன் மர்மம் இதுவே. அவர் நேற்றும் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பும் பொய் சொல்லவில்லை.

சரி, நான்கு காரணங்களும் இல்லாதவருக்கு அப்படிவு ஏன் வந்தது? இங்கேதான் பெற்றோர் வழியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் மக்களை ஓட்டப் பயிற்சிக்கு அழைத்து 1977-இல் எழுதிய நூல் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. நடுவயதில் புகைபிடிப்பதை விட்டொழித்து, உடல் எடையை இறக்கி, நாள் தவறாமல் மைல் கணக்கில் ஓடியவர் அவர். 1984 ஜூலை 20 அன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே சாலையோரம் வீழ்ந்து இறந்தார். வயது 52. ஓட்டமே அவரைக் கொன்றது என்று சோம்பேறிகள் மகிழ்ந்தனர்! ஆனால் அவருடைய தந்தைக்கு 35-ஆம் வயதில் முதல் மாரடைப்பு வந்ததும், 43-ஆம் வயதில் அவர் இறந்ததும் பின்னர் பேசப்பட்டன. தந்தை வாழ்ந்ததைவிட ஒன்பது ஆண்டுகள் மகன் அதிகம் வாழ்ந்தார். அதற்கு அவர் ஓட்டத்துக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று கருதுவோர் பலர். நாமும் அப்படியே கருதுகிறோம்.

குடும்ப வழியாக வருவனவற்றில் ஒன்றுக்குப் பெயரும் உண்டு. 1963-இல் நார்வே நாட்டு டாக்டர் கோரே பெர்க் கண்டுபிடித்த ‘லிப்போபுரோட்டீன்-ஏ’ என்னும் கொழுப்புத் துகள் அது. சாதாரணக் கொலஸ்டிரால் பரிசோதனையில் அது தனியாகத் தெரியாது. அதன் அளவைப் பெரும்பாலும் தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபே தீர்மானிக்கிறது; உணவைக் குறைத்தாலும் உடற்பயிற்சி செய்தாலும் அது சொல்லும்படியாக இறங்குவதில்லை. இந்தியரில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் அது மிகுதியாக இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். இந்திய இருதய மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொள்ளச் சொல்கின்றன. இதைக் குறைக்க முடியாவிட்டால் அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். குறைக்கக் கூடிய மற்றவற்றை அத்தகையோர் இன்னும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்பதே பயன்.

நான்கின் பட்டியலில் இடம்பெறாத வேறு சிலவும் உண்டு. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதை நம் பாட்டிமார் புகைபிடிப்பதாகக் கருதுவதில்லை. கேட்டால், “அந்தப் பழக்கமெல்லாம் இல்லை” என்பார்கள். இருதயம் இந்த வேறுபாட்டை அறியாது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் முடிவுகள் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மெல்லும் புகையிலையும் மாரடைப்பை வரவழைப்பதைக் காட்டியது. கேரளத்தில் பிறந்து கானடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் அதற்குத் தலைமை தாங்கினார். இடுப்புச் சுற்றளவு, மன உளைச்சல், காய் கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது ஆகியவற்றையும் அவர்கள் கணக்கிட்டார்கள். மேலும், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள்! ஒரு மகளின் திருமணமும் ஒரு மகனின் படிப்பும் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

விறகடுப்புப் புகையில் இருபது முப்பது ஆண்டுகள் வெந்த பெண்கள், கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்பு ஏறியவர்கள், முடக்குவாதத்தால் மூட்டுகள் வீங்கி வருந்துபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் ஆகியோரையும் இருதய நோய் எளிதில் நாடுகிறது. இன்னும் சிலருக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கு, கொழுப்பே காரணமன்று. குழாயின் சுவர் தானே உள்ளுக்குள் பிளந்து வழியை அடைத்துவிடும். அல்லது குழாய் திடீரென்று சுருங்கிக்கொள்ளும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் மார்பு வலி என்று சொல்லும் பெண்ணிடம், “பால் கட்டியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது குடும்பத்தாரின் கடமை.

செஞ்சியில் வலி வந்தால்

எண்ணிப் பார்ப்போம். செஞ்சியை அடுத்த ஒரு கிராமம். இரவு இரண்டு மணி. ஐம்பது வயதுடைய குடும்பத் தலைவர் வியர்த்துப் போய் எழுந்து உட்காருகிறார். மார்பின் நடுவில் பாரம். இடது தோளும் தாடையும் இழுக்கின்றன. நீரிழிவு உள்ள வீடாக இருந்தால் மனைவி அஞ்சி மகனை எழுப்பியிருப்பார். இவருக்கோ ஒரு நோயும் இல்லை. ஆகவே ஓம வாட்டர் வருகிறது. பின் சோடா வருகிறது. முதுகில் தைலம் தேய்க்கப்படுகிறது. “விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் அவரும். விடியும்போது மணி ஆறு. அந்த நான்கு மணி நேரத்தில் இருதயத் தசையின் பெரும்பகுதி செத்துவிட்டிருக்கும். செத்த தசை மறுபடி முளைப்பதில்லை.

அடைப்பை நீக்க வழி இரண்டு. குழாய் வழியே கம்பியைச் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பது ஒன்று. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடுவது மற்றொன்று. ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போடப்பட்டால் மிகுந்த பலன் தரும். நேரம் செல்லச் செல்ல அதன் வலிமை குன்றும். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் இன்னும் தொலைவு. எனவே இவ்வூராருக்கு நேரம் என்பது மற்ற ஊராரைவிட விலை உயர்ந்தது.

தொலைவை வெல்லலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லசாரியும் ஒரு திட்டம் வகுத்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இ.சி.ஜி.யை உடனே அனுப்பி, அருகிலேயே ஊசி போட்டு, பின்பு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது அதன் சாரம். 2,420 நோயாளிகளைக் கொண்ட அம்முயற்சியின் பலன் 2017-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் திட்டத்துக்கு முன் 17.6 விழுக்காடு, பின் 14.2. நூற்றுக்கு மூவர் வீடு திரும்பினார்கள் என்று இதைப் படிக்க வேண்டும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கையிருப்பில் வைத்து, மாரடைப்பின் அறிகுறியோடு வருபவருக்கு முதல் வேளையாகக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆனால் இவ்வளவு ஏற்பாடும் நோயாளி வாசற்படியைத் தாண்டிய பிறகுதான். மார்பில் பாரம், இறுக்கம், எரிச்சல், காரணமற்ற குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது. பெண்களுக்கு மார்பு வலியே இல்லாமல் முதுகு வலி, மேல் வயிற்று வலி, குமட்டல், பெருங்களைப்பு என்றும் வரலாம். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று திரும்பிவிடவும் கூடாது. வலி தொடருமானால் சிறிது நேரங்கழித்து மறுபடி எடுக்கவும், ட்ரோப்போனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்யவும் கேட்பதில் வெட்கமில்லை. “எனக்குச் சர்க்கரை, கொதிப்பு ஒன்றும் இல்லை டாக்டர்” என்று நாமே முந்திக்கொண்டு சொல்லி அவர் கவனத்தைத் திருப்பிவிடுகிறோம். வலி எப்போது தொடங்கியது என்பதை முதலில் சொல்வோம்.

பிழைத்து வந்த பின்

ஸ்வீடன் கணக்கு நமக்குக் கற்பிப்பது பெரும்பாலும் இப்பகுதியைப் பற்றியே. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் ‘ஒரு குறையும் இல்லாதவர்’ மூன்று மாதங்கள் மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பு தேறிவிட்டது. கொலஸ்டிரால் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. “எனக்கு முன்பும் ஒன்றுமில்லை, இப்போதும் ஒன்றுமில்லை, இத்தனை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்” என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார். இது மிகவும் ஆபத்தான பிழை. ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மாத்திரைகளை, மருத்துவர் சொன்ன காலம் வரை, பெரும்பாலும் ஓராண்டு, ஒருநாளும் விடலாகாது. கொலஸ்டிரால் மாத்திரையோ அறிக்கையில் உள்ள எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் அன்று. படிவின் மேலுள்ள மெல்லிய தோலைத் தடிக்கச் செய்து, அது மறுபடி கிழியாமல் காக்கிறது. மாரடைப்பு வந்தவருக்குக் கெட்ட கொலஸ்டிரால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய கருத்து. மற்றவருக்குச் ‘சரி’ என்று அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும் 100 இவருக்குச் சரியன்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, “ஒன்றும் இல்லாதவனுக்கே வருகிறது, பிறகு நான் ஏன் பீடியை விட வேண்டும்?” என்று கேட்கக் காத்திருக்கும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. ஏழில் ஒருவருக்கு ஒன்றுமில்லை என்றால், ஏழில் ஆறு பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு வேதனை இருக்கிறது. காரணம் தெரியாத இடத்தில் மனிதர் குற்றவாளியைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் மனைவியே அகப்படுவாள். “என்ன சமைத்துப் போட்டாளோ”, “என்ன சொல்லி மனத்தை நோகடித்தாளோ” என்ற பேச்சு அடக்கம் முடியுமுன்பே எழுகிறது. சிலர் கண்ணேறு என்றும் செய்வினை என்றும் அலைகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் வீட்டிலும் இது நடப்பது வருந்தத்தக்கது. பிறவிக் குருடனைக் கண்டபோது, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்ட கேள்வியையும், இரண்டுமே அல்ல என்று ஆண்டவர் மறுத்ததையும் நம் வாசகர்கள் அறிவார்கள். பெற்றோர் தந்த மரபணு அவர்கள் விரும்பித் தந்ததன்று. ஒருமுறையும் கோபிக்காத மனைவியின் கணவருக்கும் குழாய் கிழியும்.

குற்றவாளியைத் தேடும் அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்காகச் செலவிடலாம். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அக்குடும்பத்தில் இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இயன்றால் லிப்போபுரோட்டீன்-ஏ அளவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முன்பு எடுத்த இ.சி.ஜி. ஒன்று கையிலிருந்தால், நள்ளிரவில் பார்க்கும் மருத்துவர் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மாறுதலை உடனே கண்டுகொள்வார். ஆதலால் அத்தாள்களை வீசி எறியாமல், குடும்ப அட்டையும் ஞானஸ்நானச் சான்றிதழும் இருக்கும் அதே பெட்டியில் போட்டு, பெட்டி இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.